நடந்தே ஓடிப்போனவன்

ஒருமுறை நான் ஓடிப்போயிருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றது. (நான் நிறுத்தவில்லை. கணக்குப் பாடம் நிறுத்தியது.) வாரம் முழுக்க மெஷின் முன்னால் ஒரே இடத்தில் நிற்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை கால் சும்மா இருக்காது. பஸ் ஏறித் தூரமாக எங்காவது போவேன். அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வருவேன். தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை, தளி எல்லா ரோடும் நடந்தாயிற்று. ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர். காயலான் கடையில் எடைக்குப் போட்டதை வாங்கி வருவேன். செத்தது இரண்டைப் பிரித்தால் உயிரோடு ஒன்று வரும். கட்டிலுக்கடியில் முழுக்க அதுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, சானமாவுக் காட்டருகே யானை ரோட்டுக்கு வந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன். அம்மா இங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்காக ஒரு ஏற்பாடு செய்தேன். என் போன் இருக்கும் இடத்தை ஹாலில் உள்ள கம்ப்யூட்டர் மேப்பில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும். அம்மாவுக்கு மேப் பார்க்க வராது. அதனால் கால் மணிக்கு ஒருதரம் வாய்விட்டும் சொல்லும். வசனம் என்னுடையது. "நான் நல்லா இருக்கேன். கவலைப்படாதீங்க. இப்ப இருக்கிற இடம்" என்று சொல்லி, ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். கொல்லை வரை கேட்கட்டும் என்று பெரிய ஸ்பீக்கர். கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்க, நெட் பெட்டிக்கும் சேர்த்து யூ.பி.எஸ். (அவ்வளவு அறிவு.)

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது. கல்லாவியிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. பெண்ணை நான் முன்பே பார்த்துவிட்டேன். "கம்ப்யூட்டர்ல என்னதான் பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டாள். அரை மணி நேரம் பதில் சொன்னேன். என் ஆயுளில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவள் கொட்டாவி விடவில்லை. இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று எனக்கு இருந்தது.

இருந்தும் காலையில் செருப்பை மாட்டினேன்.

"இன்னிக்கு ஒருநாள் நடக்கலைன்னா கால் என்ன அழுகியா போயிரும்?" என்றாள் அம்மா.

"சாயங்காலம்தானே வர்றாங்க. அதுக்குள்ள வந்துர்றேன்."

தளியில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரத்தில் போன் சார்ஜ் இறங்கிவிட்டது. புள்ளி நின்றால் அம்மா பயப்படுவாள். ரோட்டோரம் ஒரு டெம்போவில் ரோஜாப்பூ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் சார்ஜர் தொங்கியது. டிரைவரிடம் கேட்டேன். தலையாட்டினார். மாட்டிவிட்டு, பம்புசெட்டில் தண்ணி குடித்து, முகம் கழுவி, வந்து பார்த்தால் டெம்போ இல்லை. போன், அதற்குள் பணம், அதற்குள் எல்லோருடைய நம்பர். மூன்றும் போயிற்று. (மனப்பாடமாக ஒரு நம்பர்கூடத் தெரியாது. நம்பரெல்லாம் போன் வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.) சட்டைப்பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை. நடந்தேன்.

இனி வீட்டில் நடந்தது. என் தங்கை சொன்னது.

பெண் வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, அத்தை. அப்பா லாரி ஓட்டி ஓய்ந்தவர். "மாப்பிள்ளை எங்கே?" என்றார். அம்மா பெருமையாகக் கம்ப்யூட்டரைக் காட்டினாள். "அதுவே சொல்லும் பாருங்க."

சொன்னது. "நான் நல்லா இருக்கேன். கவலைப்படாதீங்க. இப்ப இருக்கிற இடம், ஆனேக்கல்."

லாரிக்காரர் மேப்பிடம் போனார். "ஆனேக்கல் கர்நாடகாங்களே. நடந்து வர்றதா சொன்னீங்க. இது அறுபதுல போகுது."

என் அப்பா என் நம்பருக்குப் போட்டார். ஸ்பீக்கரிலும் போட்டார். (இன்றுவரை ஏன் என்று தெரியவில்லை.) ஒரு பெண் குரல். "ஹலோ, யாரு?"

"என் பையன் எங்கேம்மா?"

"அவ்ரு காடி ஓடிஸ்தா இதாரே. ஆமேலே மாடி." வைத்துவிட்டது.

கன்னடம் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் லாரிக்காரர் மொழிபெயர்த்தார். "அவரு வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காராம். அப்பறமா பண்ணச் சொல்லுது."

அத்தை மட்டும் மெதுவாக, "அவருன்னு சொல்லுது பாருங்க," என்றாள்.

"அவனுக்கு சைக்கிளே ஒழுங்கா வராதுங்க," என்றாள் அம்மா.

"யாராவது கத்துக் குடுத்திருப்பாங்க," என்றாள் அத்தை.

திரும்ப அப்பா போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. அதற்குள் கால் மணி ஆகிவிட்டது. "நான் நல்லா இருக்கேன். கவலைப்படாதீங்க. இப்ப இருக்கிற இடம், சந்தாபுரா." அதை நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. அம்மா ஓடிப்போய் மெயினையே அணைத்தாள். ஃபேன் நின்றது. லைட் நின்றது. நான் மட்டும் நல்லா இருந்தேன்.

பெண்ணின் அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்தார். அத்தை போனில் கல்லாவிக்கு எல்லாவற்றையும் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது பெண்.

அப்போதுதான் வாசலில் நான். முட்டி வரை செம்மண். கையில் செருப்பு. ஒரு வார் அறுந்திருந்தது. உள்ளே பேய் பார்த்த மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். பின்னாலிருந்து என் வசனம், நான் பெங்களூரை நெருங்கிவிட்டதாகச் சொன்னது.

"அப்ப நீங்க யாரு?" என்றார் லாரிக்காரர்.

"மாப்பிள்ளை," என்றேன். (வேறு என்ன சொல்வது?)

"போன்ல பேசின பொண்ணு?"

"தெரியாதுங்க."

"போன் எங்க?"

"பூ வண்டியில."

வாயில் அவ்வளவுதான் வந்தது. அரை மணி நேரம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசத் தெரிந்தவனுக்கு, இதை விளக்க நாலு வார்த்தை சேரவில்லை. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அத்தை போனை லாரிக்காரரிடம் நீட்டினாள். "பாப்பா பேசணுமாம்."

அதுவும் ஸ்பீக்கர்தான்.

"ஏம்ப்பா, ஓடிப்போறவன் எங்க இருக்கேன்னு கால் மணிக்கு ஒருக்கா வீட்டுக்குச் சொல்லிக்கிட்டேவா ஓடுவான்?"

லாரிக்காரர் யோசித்தார். என் காலைப் பார்த்தார். பாதத்தில் கொப்புளம் உடைந்திருந்தது. "இந்தக் காலு கிளட்ச் மிதிச்ச காலு இல்ல," என்றார். அவர் உட்கார்ந்தார். பெண்ணின் அம்மா செருப்பைக் கழற்றினார். அம்மா காப்பி போடப் போனாள்.

ராத்திரி டிரைவரே அப்பா நம்பருக்குக் கூப்பிட்டார். தளிப் பக்கத்திலேயே நாலு தோட்டத்தில் பூ ஏற்றிவிட்டுச் சாயங்காலம்தான் பெங்களூருக்குக் கிளம்பினாராம். பேசிய குரல், வண்டியில் கூட இருந்த அவர் மனைவி; யாரோ புருஷனைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம். மறுநாள் போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்யாணத்துக்கும் வந்தார்கள். என் மாமியார் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தார். "இவங்களோடதான் எங்க மாப்பிள்ளை ஓடினது," என்று ஒவ்வொரு வரிசையிலும் காட்டினார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறேன். மாமியார் வந்திருக்கும் நாளில் கேட்டைத் திறக்கும்போது உள்ளிருந்து குரல் வரும். பால் வாங்கப் போனாலும் வரும்.

"தமிழ்நாட்டுக்குள்ளதானே மாப்ள?"