உப்பு வாங்க வந்து உப்போடு போனவர்

சூப்பர் மார்க்கெட் என்ற ஒன்று பூமியில் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, உப்பு வாங்க உள்ளே போய் உப்போடு மட்டும் வெளியே வந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பண்டாரி பாய். வேறு யாராவது அப்படிச் சொன்னால் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

நீங்களும்தான். ஒரு பாக்கெட் உப்புக்குப் போனீர்கள். வரும்போது கையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்று எடுத்த கார்ப்பெட் கழுவும் தண்ணீர். வீட்டில் கார்ப்பெட் கிடையாது. பையைக் கவிழ்த்துப் பார்த்தால் உப்பையும் காணோம். வெட்கப்படாதீர்கள். உங்களை அப்படி ஆக்குவதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

கடை தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டதால், முதல் வருடம் என்னைக் குடோனில் போட்டார்கள். தகரக் கூரை. பகல் ஒரு மணிக்கு உள்ளே நின்றால் கருவாடாகிவிடலாம். பிறகு ஒரு நாள் புதுச் சட்டை மாட்டி, நெஞ்சில் பெயர் அட்டையைக் குத்தி ஏசிக்குள் நிற்க வைத்தார்கள். உப்பூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற எங்கள் அய்யா மறுநாளே பஸ் ஏறி வந்து, வாசல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். ஊரில் போய், "எம்மகன் குளுகுளுன்னு வேல பாக்குறான். வெளிய நின்ன எனக்கே குளுந்து போச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

மேனேஜர் மதுரையில் பயிற்சி எடுத்தவர். அவர் சொல்கிற மந்திரம் ஒன்றுதான்: "கண்ணுக்கு நேரே வச்சா கைக்கு வரும்." விலை கூடியது கண் மட்டத்தில். விலை குறைந்தது தரையோடு தரையாக. எல்லோருக்கும் வேண்டிய உப்பும் பருப்பும் கடைசிச் சுவர் ஓரம். அதுவரை நடந்தால்தானே வழியில் இருக்கிறது எல்லாம் கண்ணில் படும்? மிட்டாய், மூன்று வயதுக் குழந்தையின் மூக்குக்கு நேரே. வாசலில் பன் சுடுகிற அடுப்பு. மெதுவான பாட்டு. தள்ளிக்கொண்டு போகிற ட்ராலிக்குள் ஒரு வெள்ளாட்டைக் கட்டி வளர்க்கலாம். இரண்டு சாமானோடு அதைத் தள்ளினால் நமக்கே நம் மீது பரிதாபம் வந்துவிடும்.

இந்த வலைக்குள்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்குப் பண்டாரி பாய் நுழைவார்.

சரக்குக் கப்பலில் சோறாக்குகிறவரைப் பண்டாரி என்பார்கள். அவர் கப்பலை விட்டு இறங்கி வருடங்கள் ஆகியும் அந்தப் பெயர் இறங்கவில்லை. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு நிமிடம் யோசிப்பார். தொப்பியைப் புருவம்வரை இழுத்து விட்டிருப்பார். இரண்டு காதிலும் பஞ்சு. ஒரு கையில் பனையோலைக் கொட்டான், இன்னொரு கையில் துண்டுச் சீட்டு. பார்வை முழங்காலுக்கு மேலே ஏறாது.

முதல் நாள் நான் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"பாய், இத எடுத்துக்கங்க."

"எதுக்கு?"

"சாமான் போடத்தான்."

"சாமான் கொட்டானுக்குள்ள அடங்கும்லடா. அடங்காதத எதுக்கு வாங்கணும்?"

"சரி, காதுல என்ன பஞ்சு? சீழா?"

"ஒங்க பாட்டுக்கு கால் மெதுவாப் போகுதுடா. மெதுவாப் போனா கண்ணு மேயும். கண்ணு மேஞ்சா கை நீளும்."

"பன்னு வாசம் வருதே, அதுக்கு மூக்க அடைக்கலையா?"

"எட்டு இடியாப்பம் உள்ள கெடக்கு. இப்ப அது வெறும் காத்து."

நேராகக் கடைசிச் சுவருக்குப் போவார். குத்தவைத்து அடித்தட்டிலிருந்து சாதாப் பருப்பை எடுப்பார். எழும்போது அலமாரியைப் பிடித்துக்கொண்டு "யா அல்லா" என்பார். முட்டி இரண்டும் முறுக்கு உடைகிற மாதிரி சத்தம் போடும்.

"மேல இருக்க பருப்ப எடுத்தா முட்டி வலிக்காதுல்ல பாய்?" என்றேன்.

"இப்ப முட்டி மட்டுந்தான் வலிக்குது. அத எடுத்தா ஒடம்பு பூரா வலிக்கும். வெலயப் பாத்தியா?"

ஒரு மனிதன் ஏன் இப்படி ஆனான் என்று கேட்டுவிடுவது என்று ஒரு சனிக்கிழமை வாசலில் மடக்கினேன். பஞ்சை எடுத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகவே சொன்னார்.

"கொழும்புல கப்பலுக்குச் சாமான் ஏத்தப் போனேன்டா. சீட்டு கெடையாது, எல்லாம் மனசுல. கடைக்குள்ள போனா, கண்ணுக்கு நேரா செவப்புச் செவப்பா ஜாம் பாட்டிலு. வெளிச்சம் வேற போட்டு வச்சிருக்கான். பதினாலு பாட்டில் தூக்கிட்டு வந்தேன். நங்கூரம் எடுத்து, கரை மறைஞ்ச பொறவு ஒலயில அரிசியப் போட்டு உப்பத் தேடுறேன், உப்ப வாங்கவே இல்ல."

"அய்யய்யோ. எத்தன நாள்?"

"பதினோரு நாள். உப்பில்லாத சோறு. சுத்தியும் பாத்தா ஒரே உப்புத் தண்ணி."

"அத மொண்டு ஊத்திருக்கலாம்ல?"

"ஊத்துனேன். ரெண்டு நாள் கப்பல ஓட்ட ஆள் இல்ல. அம்புட்டுப் பேரும் கக்கூசு வாசல்ல வரிசையில நின்னாக."

"பொறவு?"

"பொறவு சோத்துக்கு ஜாம்" என்றவர் கடல் இருக்கிற திசையைப் பார்த்தார். "இப்பவும் பெருநாளைக்கு எவனாச்சும் பழய ஆளு போன் பண்ணா, மொத வார்த்த ஜாம்தான்."

மேனேஜருக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கொட்டான் தன் பயிற்சியைக் கேலி செய்கிறது என்பதுதான். ஒரு வெள்ளிக்கிழமை கடையையே புரட்டிப் போட்டார். உப்பு இருந்த இடத்தில் ஷாம்பு, ஷாம்பு இருந்த இடத்தில் ஊறுகாய். இடம் மாறினால் ஆட்கள் தேடி அலைவார்கள், அலைந்தால் எடுப்பார்கள் என்பது கணக்கு. மறுநாள் பாய் வந்தார். நாலு எட்டு வைத்தார். நின்றார்.

"ஏலே, கரை நகந்துருச்சேடா."

மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாய் அசரவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"தெரியாத தொறமுகத்துல வழி காட்டுற பைலட்ட ஏத்திக்கிறணும். இங்கன வா. முன்னாடி போ."

என் தோளில் கையை வைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டார். நான் சும்மா இருப்பேனா? பிஸ்கட் தெரு வழியாகச் சுற்றி, நொறுக்குத் தீனிக்குள் புகுந்து, ஐஸ்கிரீம் பெட்டி பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"சில்லுன்னு இருக்கு. உப்புக்கு எதுக்குடா ஐஸு? திருப்பு" என்றார் கண்ணைத் திறக்காமல்.

இந்த ஊர்வலத்தைக் காரங்காட்டு ஸ்டெல்லா அக்கா பார்த்துக்கொண்டு நின்றது. நண்டு விற்றுவிட்டு நேரே எங்கள் கடைக்கு வரும். வந்தால் ட்ராலி நிறைந்து வழியும். வீட்டுக்குப் போய்ப் புருசனிடம் திட்டு வாங்கும். அடுத்த சனிக்கிழமை பாய்க்குப் பின்னால் கொட்டானோடு வந்து நின்றது.

"என்னக்கா இது?"

"இவுக பின்னாடியே போனா மேல ஒண்ணும் ஒட்டாதுடா தம்பி."

அதற்கடுத்த வாரம் நாலு பேர். அப்புறம் ஒன்பது பேர். முன்னால் பாய், பின்னால் வரிசையாகப் பெண்கள், எல்லோரும் குனிந்த தலை. புதிதாக வந்த ஒருவர் என்னிடம், "உள்ள யாருக்கும் ஏதும் ஆகிப்போச்சா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் கெட்ட நேரம், அந்தச் சமயம் பார்த்து மக்ரோனி வந்து இறங்கியது. பெட்டி பெட்டியாக. எங்கள் பக்கம் அதைப் பார்த்தவர்கள், குழாயை எதற்கு இவ்வளவு சின்னதாக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முகப்பு மேடை உன் பொறுப்பு. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, சாயங்காலம் மக்ரோனி பூரா வித்து இந்த மேடை காலியா இருக்கணும். இல்லையா, சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுக் குடோனுக்குப் போயிரு."

குடோன்கூடப் பரவாயில்லை. அய்யா இன்னொரு தடவை பஸ் ஏறி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் யாரைப் பார்ப்பார்? இரண்டு நாள் உட்கார்ந்து, மக்ரோனி பாக்கெட்டுகளாலேயே ஒரு கலங்கரை விளக்கம் கட்டினேன். என் உயரத்துக்கும் மேலே. உச்சியில் சிவப்புப் பல்பு. மேனேஜரே போட்டோ எடுத்தார்.

சனிக்கிழமை பாய் வந்தார். தொப்பிக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் பட்டிருக்க வேண்டும். லேசாக நிமிர்ந்தார். கோபுரத்திலிருந்து பத்தடி தள்ளி, பெரிய வளையமாகச் சுற்றிப் போனார். பின்னால் ஒன்பது பெண்களும் அதே வளையம்.

"பாய், என்ன இப்படி? எல்லாரும் வந்து பாக்கணும்னுதான வெளக்கு வச்சேன்!"

"கப்பல்ல போனவன்ட்டயா சொல்ற? வெளக்கக் கண்டா வெலகிப் போகணும்டா. கிட்ட போனா பாற."

பெண்கள் எல்லாம் 'ஆமா ஆமா' என்று தலையை ஆட்டினார்கள். அன்று விற்றது ஒரு பாக்கெட். அதுவும் வாங்கினவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாய் வெளியே போகும்போது பின்னாலேயே ஓடினேன்.

"பாய், ஒங்களால எனக்குச் சட்ட போகப் போகுது. அடுத்த சனிக்கிழம அந்த மேட காலியாகலேன்னா திரும்பக் குடோனு. எங்கய்யா ஊரு பூராச் சொல்லி வச்சிருக்காரு. ஒங்களுக்கென்ன, கொட்டான ஆட்டிக்கிட்டுப் போயிருவீக."

அவர் காதில் பஞ்சு அப்படியே இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். கொட்டானை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். கல்நெஞ்சுக்காரன் என்று அந்த வாரம் முழுக்க வைதுகொண்டே பல்பைத் துடைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி. பண்டாரி பாய் உள்ளே வந்தார். பின்னால் ஒன்பது இல்லை, இருபதுக்கு மேல் தலைகள். காரங்காடே கிளம்பி வந்த மாதிரி இருந்தது. கோபுரத்துக்கு நேர் எதிரே வந்து நின்றார். சீட்டை நீட்டிப் பிடித்து, குர்ஆன் ஓதுகிற நிதானத்தில் படித்தார்.

"உப்பு ஒண்ணு. பருப்பு ஒண்ணு. மக்ரோனி... மூணு."

பாய் குனிந்தார். அவர் வாழ்க்கையில் மேலே இருந்து எதையும் எடுத்ததில்லையே! பழக்க தோஷம், அடிவரிசையில் கையை வைத்து ஒரு பாக்கெட்டை உருவினார்.

கலங்கரை விளக்கம் ஒரு நொடி யோசித்தது. பிறகு மொத்தமாகச் சாய்ந்தது. சிவப்புப் பல்பு பன் அடுப்பு வரைக்கும் உருண்டு போனது. பாக்கெட்டுகள் ஷாம்புக்கு அடியில், ஊறுகாய்க்கு அடியில், ஸ்டெல்லா அக்காவின் முந்தானையில்.

"யா அல்லா!" என்றார் தரையில் உட்கார்ந்திருந்த பாய்.

பெண்கள் எல்லோரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும்: கையில் எடுத்த பொருளைத் திரும்ப வைக்க மனிதனுக்கு மனசு வராது. வரிசையில் இல்லாதவர்கள்கூடப் பொறுக்கினார்கள். பொறுக்கியது கூடைக்குப் போனது. மேனேஜர் சத்தம் போட வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டு நோட்டை எடுத்து எதையோ எழுதினார். மாதம் ஒரு தடவை எதையாவது தள்ளிவிடச் சொல்வாரோ என்று எனக்கு இன்றும் பயம் இருக்கிறது.

சாயங்காலம் மேடை காலி. சட்டை என் மேலேயே இருந்தது.

காலையில் பில் போடும்போதே கவுண்டரில் பாயைப் பிடித்திருந்தேன். "இத்தன பேருக்கும் என்ன சொல்லிக் கூட்டியாந்தீக பாய்?"

"ஆக்குற வெதம் சொன்னேன். சென்னாக்கூனி எறாலும் சின்ன வெங்காயமும் வதக்கி, தேங்காப்பால் ஊத்தி, இந்தக் குழாயப் போட்டுக் கிண்டணும். கப்பல்ல ஒரு இத்தாலிக்காரனுக்கு ஆக்கிக் குடுத்தேன். அழுதுட்டான்."

"ருசியிலயா?"

"கேக்கலாம்னா பாஷ தெரியலயே."

"நீங்க இதெல்லாம் வாங்குற ஆளு இல்லையே. எனக்காகத்தான வாங்குனீக?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. சீட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாருடா. சீட்டுல இருக்குல்ல?"

இருந்தது. மற்ற வரிகள் எல்லாம் நீல மையில். கடைசி வரி மட்டும் பென்சிலில், நடந்துகொண்டே எழுதின மாதிரி கோணலாக.

அவர் கிளம்பினார். அப்போதுதான் கவனித்தேன். கோபுரம் சாய்ந்தபோது கீழே விழுந்ததாலோ என்னவோ, கதவு வரைக்கும் ஒவ்வொரு அலமாரியாகப் பிடித்துப் பிடித்துத்தான் போனார். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை ஆளே வரவில்லை. பெண்கள் மட்டும் வந்தார்கள். முன்னால் போக ஆள் இல்லாமல் ட்ராலி நிறைய அள்ளினார்கள். மேனேஜருக்கு ஒரே குஷி. எனக்கு என்னவோ பத்து மணி ஆனால் கண் வாசலுக்குப் போய்விடும்.

நாலாவது சனிக்கிழமை கைத்தடியோடு வந்தார். தொப்பி, பஞ்சு, கொட்டான், எல்லாம் சரியாக இருந்தது. கடைசிச் சுவருக்குப் போனார். தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, வலியோடு குனிந்து, அடித்தட்டில் கையை விட்டார். கையில் வந்தது ஜிகினா அட்டைப் பெட்டியில் வந்த விலை கூடின பருப்பு. பாம்பைத் தொட்ட மாதிரி கையை உதறினார். மெதுவாக நிமிர்ந்தார். அவர் இடுப்புக்கு நேரே சாதாப் பருப்பு வரிசையாக உட்கார்ந்திருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏலே, இது என்ன புது எரை?"

"எரை இல்ல பாய். மேனேஜரு மாத்தச் சொன்னாரு."

"அந்தாளா?"

"ஆமா. புது டெக்னிக்காம்."

நம்பவில்லை. ஆனாலும் குனியாமல் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொட்டானில் போட்டார். அன்றைக்கு முட்டியிலிருந்து முறுக்குச் சத்தம் வரவில்லை.

மேனேஜரிடம், பருப்பை மேலே வைத்தால் அடுத்த தடவையும் ஆள் கூட்டி வருவதாகப் பாய் சொன்னார் என்று சொல்லிவிட்டேன். பாயிடம், மேனேஜர் சொன்னார் என்று. இருவரும் பேசிக்கொள்ளாத வரைக்கும் எனக்கு வேலை இருக்கும். எங்கள் கடையில் இன்றும் மாதம் ஒரு தடவை கரை நகர்கிறது. உப்பு போகும், ஷாம்பு வரும். அந்தப் பருப்பை மட்டும், எந்தச் சுவருக்குப் போனாலும், பண்டாரி பாயின் கை எட்டுகிற உயரத்தில்தான் நான் அடுக்குகிறேன்.