முதுகிடம் வருகையைப் பதிய முடியாதவர்

ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டருக்கு முன்பே வந்து சேரும் ஓர் இனம் உண்டு. நலம் விசாரிப்பவர் என்று பெயர். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆறு ஆப்பிள், கேட்காமலே போர்வையை இழுத்துவிடும் கை, அதே நோயில் போய்ச் சேர்ந்த நாலு பேரின் கதை, இவ்வளவையும் சுமந்துகொண்டு வருவார். எதற்கு வருகிறார்? நோயாளியைப் பார்க்கவா? சேச்சே. தாம் வந்ததை நோயாளி பார்க்க. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில், அவர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஒரு சொல் வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சிவகாசியில் வெடிப்பெட்டி லேபிளும் தினசரி காலண்டரும் அடிக்கும் அச்சகம் வைத்திருந்த தங்கச்சாமி இந்த இனத்தில் முதல் தரம். ஆனைக்குட்டத்திலிருந்து ஆலங்குளம் வரை அவர் விசாரிக்காத கட்டில் கிடையாது. கண் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டிருப்பவரிடம்கூட, வந்திருப்பது யார் தெரிகிறதா என்று கேட்டு, தெரிகிறது என்று வாயால் சொல்ல வைத்த பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

2009 தீபாவளி முடிந்த கையோடு, பட்டாசு ஆலை போர்மேன் செல்லச்சாமிக்குப் பன்றிக் காய்ச்சல் வந்து, இரண்டு நுரையீரலும் கெட்டுப்போய், விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த ஒரே செயற்கைச் சுவாச இயந்திரத்தில் வேறொருவர் கிடந்தார். டாக்டர் ஐஸ்வர்யா யோசித்து, செல்லச்சாமியை விழித்திருக்கும்போதே குப்புறப் படுக்க வைத்தார். மல்லாந்தால் முதுகுப் பக்கத்து நுரையீரல் அமுங்கிவிடுகிறது, குப்புறப் படுத்தால் அது விரிந்து காற்று வாங்கும் என்றார். எண்பத்து நாலில் கிடந்த ஆக்சிஜன் அளவு ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது. இப்படியே தாக்குப்பிடித்தால் பிழைத்துக்கொள்வார், யார் வந்தாலும் திருப்பக் கூடாது என்று மனைவி சண்முகத்தாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை நாலு மணிக்குத் தங்கச்சாமி வந்தார். பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்ற வாட்ச்மேன், அடுத்த வருஷத்துக் காலண்டர் ஒன்றைக் கையில் வாங்கியதும் வேறு பக்கம் பார்த்தார். கொடுத்த முகமூடியைப் பேச வசதியாகத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனால், கட்டிலில் ஒரு முதுகு. முகம் ஆக்சிஜன் மாஸ்க்கோடு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தது.

தங்கச்சாமிக்குப் பகீரென்றது. இருபது வருஷப் பழக்கம். செல்லச்சாமி மேல் அவருக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். ஆனால் முதுகுக்குக் கண் இல்லையே. முதுகிடம் வருகையைப் பதிந்துவிட்டு எந்த முகத்தோடு சிவகாசி பஸ் ஏறுவது? சண்முகத்தாய் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் விளக்கினார். குப்புறப் படுத்தால் நெஞ்சு அமுங்காதா, இதைக்கூடப் படிக்காமலா பட்டம் கொடுத்தார்கள் என்று தங்கச்சாமி திருப்பிக் கேட்டார். மல்லாங்கிணறில் ஒருவர் இப்படிக் குப்புறக் கிடந்தே போய்விட்டதாக ஆதாரமும் தந்தார். ஆப்பிளை வைக்க அந்த அம்மாள் அலமாரிப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான்.

"ஏலே செல்லச்சாமி, தங்கச்சாமி வந்திருக்கேன்லே. ஒரு நிமிசம் இங்கன திரும்பு."

செல்லச்சாமி மரியாதை தெரிந்தவர். மூச்சு முட்டுகிற நிலையிலும், வந்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறோமே என்று கூசிப்போனார். தோளில் விழுந்த தங்கச்சாமியின் கையும் உதவ, புரண்டு மல்லாந்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். தங்கச்சாமிக்கு வந்த வேலை முடிந்தது. தலைமாட்டில் ஆக்சிஜன் அளவு காட்டும் பெட்டியில் தொண்ணூற்று மூன்று எண்பத்தெட்டானது, எண்பத்து மூன்றானது, எழுபத்தொன்பதில் பெட்டி அலறத் தொடங்கியது. செல்லச்சாமியின் உதடு நீலம் பாரித்தது. கும்பிட்ட கையை இறக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் தங்கச்சாமி சுவர் வரைக்கும் பின்வாங்கினார். வந்திருக்கவே வேண்டாம் என்று ஆயுளில் முதல் தடவையாக நினைத்தார்.

டாக்டரும் நர்சும் ஓடிவந்து திரும்பவும் குப்புறக் கிடத்தினார்கள். அளவு பழையபடி ஏறப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் சண்முகத்தாய் அழவில்லை, திட்டவில்லை, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க வந்ததை அவுக பாத்துட்டாக. நானும் பாத்துட்டேன். கெளம்புங்க."

தங்கச்சாமி போனாரா? வார்டு வாசல் வரைக்கும். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆப்பிள் பையோடு வந்த ஆலைக்காரர்களையெல்லாம் மறித்துத் திருப்பி அனுப்பினார். நல்ல காரியம்தான். வந்தவர் பேரையெல்லாம் தாமே உள்ளே போய்ச் சொல்லிவிடுவதாக ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்ததைத்தான் தவிர்த்திருக்கலாம். இயந்திரத்தில் ஏறாமலே ஏழாம் நாள் செல்லச்சாமி வீட்டுக்கு நடந்து போனார். அண்ணாச்சி வந்து பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு திரும்பியது என்று சிவகாசியில் ஒரு பேச்சு இருக்கிறது. கிளப்பியது யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் அந்த ரகம் இல்லை, தெரியும். தூங்குகிற நோயாளியின் கட்டிலருகே நின்று, இரண்டு தடவை செருமி, அவர் கண் விழித்ததும், 'ஐயையோ, நீங்க தூங்குங்க, எழுப்பக் கூடாதுன்னுதான் நின்னேன்' என்று நீங்கள் சொன்னதே இல்லை. இருந்தாலும், போன மாதம் நீங்கள் பார்த்துவிட்டு வந்த அந்த நோயாளியிடம் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறேன். பாவம், இப்போதுதான் கண் அசந்திருக்கிறார். அவராக எழுந்திருக்கட்டும்.