பசைக்குத் தப்பிய பரம்பரை

கரப்பான்பூச்சி மருந்தருகே வந்தது. மீசையால் தடவிப் பார்த்தது. ஒரு வாய் வைத்தது. அடுத்த நொடி சுடுசட்டியைத் தொட்டதுபோல் பின்வாங்கி, முன்காலால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனது.

மருந்துக்காரர் டார்ச்சை அணைத்தார். நூறு வீடுகளுக்குப் பூச்சி மருந்து வைப்பவர் அவர். சொந்த வீட்டுச் சமையலறையில் அவருக்கு இந்த மரியாதை.

ஞாயிறன்று மேலாளர் தன் மனைவியோடு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். கம்பெனியில் மேற்பார்வையாளர் இடம் காலியாக இருந்தது. யாருக்கும் பதவி கொடுக்கும் முன் அவர்கள் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்ப்பது மேலாளரின் வழக்கம். பதினொரு வருடமாகப் பையைத் தூக்கி மாடியேறி முழங்கால் தேய்ந்த மருந்துக்காரருக்கு, இந்த ஞாயிறு கைநழுவினால் கடைசிவரை மாடிப்படிதான்.

மருந்து பழசாகியிருக்கும் என்று புது டப்பாவைப் பிரித்தார். மேலாளரே உருவாக்கிய பசை அது. சர்க்கரைப் பாகில் விஷம். அலமாரி முழுக்கப் பொட்டுப் பொட்டாக வைத்தார். வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. இனிப்பு போதவில்லை போலும் என்று ஜாம் தடவினார். சனிக்கிழமை அதன்மேல் தேனையும் ஊற்றினார்.

ஞாயிறு காலை சமையலறையில் ஒரு பூச்சி இல்லை. அரைமணி நேரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பிறகு சோபாவை நகர்த்தினார்.

மொத்தக் குடும்பமும் அங்கே இருந்தது. சமையலறையில் கால் வைத்த இடமெல்லாம் பிசுபிசுப்பு என்றால் அவை வேறெங்கே போகும்?

அவர் மனைவி பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நான்கு நாளாக லென்ஸும் கையுமாகத் திரிந்தவர், இப்போதுதான் வாய் திறந்தார்.

"இதுங்களுக்கு இனிப்பு கசக்குதுங்க."

"தேன் எங்கயாவது கசக்குமா?"

"நமக்கு இல்ல. ஆறு வருஷமா இந்தப் பசையாலேயே நீங்க ஒரே பரீட்சை வச்சீங்க. இனிப்பு பிடிச்சதெல்லாம் தின்னு செத்துப்போச்சு. எங்கயோ ஒண்ணு ரெண்டுக்குப் பிறவியிலேயே நாக்கு மாறியிருக்கும், இனிப்பைக் கசப்புன்னு சொல்ற நாக்கு. அது மட்டும் பிழைச்சு, அதே நாக்கோட குஞ்சு பொரிச்சுச்சு. வருஷத்துக்கு மூணு தலைமுறை. கணக்குப் போட்டுக்கோங்க."

"அப்போ நானே வளர்த்தேங்கிறியா?"

"பொறுக்கி எடுத்து வளர்த்தீங்க."

மேலாளர் காதில் இது விழுந்தால் வேலையே போய்விடும், வாயை மூடிக்கொள் என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே அழைப்பு மணி அடித்தது.

மேலாளர் நேராகச் சமையலறைக்குப் போனார். அலமாரியில் தட்டுக்குத் தட்டு விரலை ஓட்டினார். விரல் ஒட்டியது; ஆனால் பூச்சி இல்லை. எல்லாம் பசையின் மகிமை என்றார். மேற்பார்வையாளருக்கு இருக்கவேண்டிய குணங்களைப் பட்டியலிட்டபடியே கூடத்துக்கு வந்து, மனைவி உட்கார்ந்திருந்த சோபாவில் சாய்ந்தார். மருந்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேசையில் கேக்கும் உப்பு பிஸ்கட்டும் இருந்தன. சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான் மேசையேறியது. கேக்கை மீசையால் தொட்டு, முகம் திருப்பி, சுற்றிப்போய் மேலாளரின் பிஸ்கட்டில் உட்கார்ந்தது. அதன் பின்னால் இன்னும் நான்கு, வரிசை தப்பாமல்.

பிஸ்கட் கொறிபடும் சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது.

மேலாளர் எழுந்தார். பசையில் குற்றம் இருக்கவே முடியாது, வைத்த கைதான் சரியில்லை என்றார். மருந்துக்காரரின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"என் வீட்டுக்கு வந்து பாருய்யா. ஒரு பூச்சி இருக்கா, தேடிப் பாரு," என்றார் மேலாளர்.

இதுவரை பேசாமலிருந்த மேலாளரின் மனைவி, கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"வந்து பாருங்க தம்பி, ஒண்ணுகூட இருக்காது. இவரோட பசையை நான் குப்பையில போட்டு மூணு வருஷம் ஆச்சு. சர்க்கரையே சேர்க்காம வறுத்த நிலக்கடலையை அரைச்சு, அதுல மருந்தைக் கலந்து வைக்கிறேன், மேற்பார்வையாளர் ஆனதும் நீங்களும் எல்லா வீட்டுலயும் அதையே வைங்க."