ஐந்தாம் குழாயின் வெளிச்சம்

திங்கட்கிழமையும் ஐந்தாம் குழாய் மின்னித் தொலைத்தது. ஆராய்ச்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

முதுகெலும்புள்ள பிராணிகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தாவான ஏதோ ஒரு ஜீவனிடம், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு இருந்த ஹார்மோன் ஏற்பியை அவர் மறுபடி உருவாக்கிச் செல்களுக்குள் வைத்திருந்தார். ஏற்பி என்பது வாசல் காவலாளி. ஹார்மோன் வந்து தொட்டால் எழுந்து விளக்கைப் போடும். நான்கு குழாய்களில் ஹார்மோன் இருந்தது, அவை மின்னலாம். ஐந்தாவதில் வெறும் தண்ணீர். அது மின்னினால் பரிசோதனையே செல்லாது.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு. அதற்குள் கட்டுரை போகாவிட்டால், 'இதை முதலில் கண்டவன் நான்' என்று சொல்லிக்கொள்ள முப்பது வருஷத்தில் ஒன்றுமே மிஞ்சாது.

"தண்ணியில அழுக்கும்மா" என்றார், அவர் சேர்ந்த நாளிலிருந்தே அங்கே குழாய் கழுவும் பெண்மணியிடம்.

தண்ணீரை இரண்டு தடவை காய்ச்சினார்கள். மின்னியது. செல்களைப் புதிதாக வளர்த்தார். புதுசுக்குத் தெம்பு அதிகம், வெளிச்சம் இரட்டிப்பானது. ஜன்னல் வெளிச்சம்தான் ஏமாற்றுகிறதோ என்று கறுப்புத் துணி கட்டினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இருட்டில் கை பட்டு நான்கு குழாய்கள் உடைந்தன. ஐந்தாவதுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

புதன்கிழமை மதியம் மனைவி போன் செய்தாள். இருபது வருஷத்துக்கு முன்பு இதே அறையில், பக்கத்து முக்காலியில் வேலை பார்த்தவள். இருவருக்கும் ஒரே டிபன் டப்பா. "ஆனாலும்..." என்று அவள் ஆரம்பித்தால் சண்டை சாயங்காலம் வரை போகும். திடீரென்று ஒருநாள் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள். ஏனென்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த முக்காலியில் அப்புறம் யாரையும் உட்காரவிட்டதில்லை.

"இன்னும் மின்னுதா?"

"மானத்தை வாங்குது."

"ஆனாலும், அது அழுக்காவே இல்லைன்னா? யாரும் தொடாமலே எழுந்து விளக்கு போடுற காவலாளியா இருந்தா?"

"ஹார்மோன் இல்லாமயா? நீ இதையெல்லாம் விட்டு இருபது வருஷமாச்சு. எனக்கே பாடமா?"

"சரிங்க. மிச்சம் வைக்காம சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டு முடிக்கவில்லை. பாதியில் எழுந்து, ஏற்பியே இல்லாத செல்களை அதே தண்ணீரில் போட்டார். அழுக்கென்றால் இதுவும் மின்னவேண்டுமே?

வியாழக்கிழமை மாலை பார்த்தார். கும்மிருட்டு. ஏற்பி உள்ள குழாய் மட்டும், யாரும் கூப்பிடாமலே ஜம்மென்று எரிந்தது.

"அழுக்கில்லைம்மா! காவலாளிதான்! தானாவே முழிச்சிருக்கான்!" அந்தப் பழைய முக்காலியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "உலகத்துலயே இதை முதல்ல பார்த்தவன் நான்தான்!"

கழுவும் பெண்மணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்லயா? மேடம் இங்க வேலை பார்த்தப்போ அவங்க குழாயும் இப்படித்தான் மின்னுச்சு சார். அழுக்குன்னு சொல்லி நீங்கதானே என்கிட்ட கழுவக் குடுத்தீங்க!"