என் பிரிட்ஜ் கதவு பற்றிய அறிவித்தல்

துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள மகள் நிலுஷாவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நான் நலம். வீடு என்னைவிட நலம். போனில் சொன்னால் "பிறகு கதைக்கிறன் அப்பா" என்பாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல ஏலாது என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் மருமகன் டினேஷ் வந்து கதவு, விளக்கு, பிரிட்ஜ் எல்லாவற்றிலும் கருவி பூட்டிவிட்டுப் போனாரல்லவா? அன்றிலிருந்து நான் இங்கே பிரிட்ஜைத் திறந்தால் கனடாவில் உன் போன் கத்தும். உடனே எனக்குப் போன் எடுப்பாய். "சீனி வருத்தக்காரருக்கு இந்த நேரத்தில பிரிட்ஜுக்குள்ள என்ன வேலை?" முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டி, எத்தனையோ பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்தவன், நீரிழிவு என்றாலும் ஒரு கரண்டி ஐஸ்கிறீமுக்கு உன்னிடம் அனுமதி கேட்பதா? ரோசம் வந்துவிட்டது. கிண்ணியாவிலிருந்து ஹுஸ்னியா என்ற கெட்டிக்காரப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் அலுமாரிக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, எல்லாவற்றையும் அதோடு இணைத்து, கருவிக்கார வெளிநாட்டுக் கம்பெனி மூலமாக உன் போனுக்குச் செய்தி போகும் வழியை அடைத்துவிட்டாள். "இனி உங்கட ஊட்டுக் கதை ஊட்டுக்குள்ளதான் அங்கிள். இன்டர்நெற் இல்லாட்டியும் வேலை செய்யும்" என்றாள்.

பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. முற்றத்தில் அசைவு தெரிந்தால் "ஆள் வந்திருக்கு" என்று சொல்கிறது. அது கூப்பிட்ட முதல் நாள், சேர்ட்டை மாட்டிக்கொண்டு, குசினிக்குள் போய் இரண்டு தேத்தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். மான். தெருவில் திரியும் மான்களில் ஒன்று, செவ்வரத்தைச் செடியை மொட்டையடித்துக்கொண்டு நின்றது. மறுநாளும் மான், அதற்கடுத்த நாளும் மான். இரண்டாவது தேத்தண்ணீரையும் நானே குடித்தேன். இப்போதும் பெட்டி கூப்பிட்டால் சேர்ட் போடுகிறேன். ஒருநாள் மனுசராகவும் இருக்கலாமல்லவா?

பிரிட்ஜை எத்தனை தரம் திறந்தாலும் கேட்க ஆளில்லை. ஒரு டப்பா ஐஸ்கிறீமை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன், ருசிக்கவில்லை. முந்தி நீ என்னை ஏசி முடித்த பிறகு "சாப்பிட்டீங்களோ அப்பா?" என்று கேட்பாய். அதுவும் அந்த வழியோடு அடைபட்டுப் போயிற்று. உன் குரல் கேட்டு நாலு கிழமை, ஒரு மாதமாகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு அங்கே வேலை, பிள்ளைகள். எனக்கு இப்போது பூரண சுதந்திரம். நீ போன் எடுக்க வேண்டியதில்லை.

உனக்கும் டினேஷுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்பு அப்பா,
சிறில்

பி.கு: நேற்று ஹுஸ்னியாவைத் திரும்ப வரவழைத்து, பிரிட்ஜ் கதவுக்கு மட்டும் கனடாவுக்கு வழி திறக்கச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் செய்துவிட்டாள். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு, உங்களுக்கு அங்கே காலையில், கதவைத் திறப்பேன். கடிதம் எப்போது வந்து சேருமோ தெரியாது, ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் திறப்பேன். நீ போன் எடுத்து ஏசும்வரை மூட மாட்டேன்.