ஓ.டி.பி. கேட்ட திருடன்

கே.கே. நகர், திருச்சி
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை சித்தார்த்தன் அவர்களுக்கு,

மாமனார் ரத்தினவேல் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை செல்லக்கிளியும் சுகம். நேற்று வளைகாப்பு முடிந்து நம் வீட்டுக்கு வந்த யாழினியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் பரம சுகம். உங்கள் கார் மட்டும் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. அதன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் உடனே படித்துவிட்டு உடனே கூப்பிடுவீர்கள். தபால் என்றால் புனே வந்துசேர நாலு நாளாவது ஆகும், அதற்குள் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

தை மாதம் மாற்றலாகிப் போகும்போது, ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டுச் சந்தில் நிறுத்த இடமில்லை என்று காரை என்னிடம் விட்டுவிட்டு, இரண்டே விஷயம் சொன்னீர்கள். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் ரோட்டில் மட்டும் எடுக்க வேண்டாம். முதலாவதை நான் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமைதோறும் குளித்து, வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இடது கையில் சூடத் தட்டை வைத்துக்கொண்டு, ஈர வேட்டியோடு உங்கள் சீட்டில் உட்காரக் கூடாதென்று வெளியே நின்றபடியே கையை மட்டும் உள்ளே விட்டுப் பட்டனை அழுத்துவேன். விளக்கெல்லாம் எரியும், பக்திப்பாட்டு ஓடும், காற்று வரும். ஆனால் எஞ்சின் சத்தம் துளியும் கேட்காது. திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் மெஷின் இரைச்சலில் கிடந்தவன் நான், இப்படியொரு அமைதியான எஞ்சினைப் பார்த்ததே இல்லை என்று தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் என்ன, பாட்டு நன்றாக இருந்தால் அரை மணி நேரம்கூட ஓடவிட்டிருக்கிறேன்.

இரண்டாவதைத்தான் மீறிவிட்டேன். டாக்சி சொல்லியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. யாழினி பிறந்தபோது புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துண்டில் சுற்றி டவுன் பஸ்ஸில்தான் தூக்கிவந்தேன். அன்றைக்கு டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் எனக்கு உயிரே போய்வந்தது. தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரும்போதாவது அவளைக் காரில் உட்காரவைத்து நானே ஓட்டிவர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் மாப்பிள்ளை, வேறு திமிர் ஒன்றும் இல்லை.

நேற்றுக் காலை சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்துப் பட்டனை அழுத்தினேன். வண்டி இரண்டு தடவை முனகிவிட்டு உறுமலோடு கிளம்பியது. இத்தனை நாள் இல்லாத சத்தம் இன்றைக்கு ஏன், எஞ்சினில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் ஓடியது, ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தோம். வளைகாப்பு அருமையாக நடந்தது. வாசலில் வழியனுப்ப வந்த உங்கள் அப்பாவிடம், காரை எடுத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள்தான் வற்புறுத்தினீர்கள் என்று ஒரு பொய்யும் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் வீடு சேர வேண்டும் என்று பத்தே முக்காலுக்கே கிளம்பிவிட்டோம். காவிரிப் பாலம் வந்ததும் உங்கள் அத்தை, பிள்ளைத்தாய்ச்சி ஆறு தாண்டும்போது காவிரித்தாய்க்கு மஞ்சளும் பூவும் போடாமல் போகக் கூடாது, நிறுத்துங்கள் என்றாள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். மஞ்சள் போட்டாயிற்று, பூ போட்டாயிற்று, யாழினி கையெடுத்துக் கும்பிட்டாயிற்று. வண்டி மட்டும் கிளம்பவில்லை. பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை.

பின்னால் பஸ்காரர்கள் ஹாரனை அமுக்குகிறார்கள், சுள்ளென்ற வெயில், யாழினிக்கு முகமெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது. ஐந்து நிமிட தூரத்தில்தான் உங்கள் வீடு. ஆனால் வளைகாப்பு முடிந்து படியிறங்கிய பெண் அன்றைக்கே அந்த வாசலுக்குத் திரும்பக் கூடாது, உங்கள் அப்பாவுக்கு போன் போட்டால் பாலத்திலேயே இறங்கிவிடுவேன் என்று அத்தை மிரட்டினாள். இறங்கி எங்கே போவாள் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. அப்போதுதான் டேஷ்போர்டில் நீங்கள் வைத்திருந்த சாலை உதவி அட்டை கண்ணில் பட்டது. கூப்பிட்டேன். வைஷ்ணவி என்றொரு பெண் பேசினாள். பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா சார் என்று கேட்டாள். காவிரிக்கு நேர் மேலே இருக்கிறேன் அம்மா என்றேன். காரின் உரிமையாளர் நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறேன், அதைச் சொன்னால்தான் வண்டி அனுப்ப முடியும் என்றாள்.

அடுத்த நிமிடம் உங்கள் போன். "மாமா, கார் கம்பெனி பேர்ல ஏதோ ஓ.டி.பி. வந்திருக்கு. நீங்க ஏதாவது கேட்டீங்களா?"

"யாருக்கும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. எல்லாம் திருட்டுப் பசங்க."

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்ததென்று இன்னும் தெரியவில்லை. நல்லவேளை மாமா, உங்களைக் கேட்டேன் என்று நன்றி வேறு சொன்னீர்கள். அந்தத் திருடன் நான்தான் மாப்பிள்ளை. பின்சீட்டிலிருந்து யாழினி என்னைப் பார்த்த பார்வையை என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. வைஷ்ணவி இரண்டாவது ஓ.டி.பி. அனுப்பினாள். மறுபடியும் நீங்கள். நம்பரை பிளாக் செய்துவிடுங்கள் என்றேன். சரி மாமா, ஒரே ஹாரன் சத்தமாக இருக்கிறதே, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். வீட்டில்தான், டிவி ஓடுகிறது என்றேன். போனை வைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வெயிலில் உட்கார வைத்துக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேனே என்று.

சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்தால் வைஷ்ணவியே கூப்பிட்டாள். கர்ப்பிணி இருப்பதால் மேலதிகாரி சிறப்பு அனுமதி கொடுத்துவிட்டார், ஓ.டி.பி. வேண்டாம், வண்டி கிளம்பிவிட்டது என்றாள். மகராசி, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கால் மணி நேரத்தில், பழுதான காரை மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி வந்தது. டிரைவருக்கு ஸ்டீபன்ராஜ் என்று பெயர். வந்தவர் காரைப் பார்க்கவில்லை, முதலில் யாழினியைத் தன் வண்டியில் ஏ.சி.யில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார். பேட்டரி சுத்தமாகப் போய்விட்டது என்றார். வாராவாரம் ஸ்டார்ட் செய்தேனே என்று நான் செய்துகாட்டினேன், வெளியே நின்று, கையை உள்ளே விட்டு. அவர் பானெட்டை மெதுவாக மூடினார். பிறகு அத்தை காதில் விழாதபடி என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"ஐயா, கிளட்ச்சை மிதிக்காம அழுத்தினா எஞ்சின் ஓடாதுங்க. பாட்டுதான் ஓடும். நாலு மாசமா பேட்டரியில பாட்டு கேட்டிருக்கீங்க."

சொல்லும்போது சிரிக்கவில்லை, அது பெரிய மனசு. பக்கத்து சர்வீஸ் சென்டர் ஸ்ரீரங்கம் பக்கம்தான், அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்பது விதியாம். வண்டி திரும்பவே கூடாது என்றாள் அத்தை. எங்கள் வீட்டிலும் இப்படித்தானுங்க என்று சொல்லி, அலுவலகத்தில் பேசி, கே.கே. நகர் வழியாகப் போகும் சர்வீஸ் சென்டருக்கு மாற்றிக்கொண்டார். அவர் வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். அம்மாவும் பெண்ணும் ஏறிக்கொண்டார்கள். மேலே ஏற்றிய காருக்குள் நான் உட்கார்ந்து வருகிறேன் என்றேன், கூடாது என்றுவிட்டார். அதனால் மகளை ரெக்கவரி வண்டியில் அனுப்பிவிட்டு, பின்னாலேயே டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். கூட்டத்துக்கு நடுவே தலையை நீட்டி நீட்டி அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிறந்த அன்றைக்குப் போலவே டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் உயிர் போய்வந்தது.

ராகு காலத்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போதே அவர்கள் வீடு சேர்ந்து ஆரத்தியும் எடுத்தாயிற்றாம். நான் போகும்போது ஸ்டீபன்ராஜ் என் நாற்காலியில் உட்கார்ந்து வளைகாப்புப் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நெற்றியில் ஆரத்திப் பொட்டு. வாசலில் உங்கள் கார் உயரத்தில் நின்றது, அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். தப்பு முழுக்க என்னுடையது, யாழினியைக் கோபிக்க வேண்டாம். நீங்களும் உங்கள் வேலையும் வரப்போகும் பிள்ளையும் எல்லாக் குறையும் நீங்கி நூறாண்டு நன்றாக இருக்க ரங்கநாதர் அருளட்டும். புனே மழைக்குக் காதை மூடிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
ரத்தினவேல்

பி.கு. (தனித் தாளில்): உறையை ஒட்டும்போது யாழினி வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். முதல் போனை நான் வைத்த உடனேயே அவள் பாலத்திலிருந்தே உங்களுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாளாம். நீங்களே வைஷ்ணவியைக் கூப்பிட்டு ஓ.டி.பி.யைச் சொல்லி, மாமாவிடம் சொல்ல வேண்டாம், சங்கடப்படுவார் என்றும் கேட்டுக்கொண்டீர்களாம். டிவி ஓடுகிறது என்று நான் சொன்னபோதும் எல்லாம் தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் போல. உங்கள் மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். இனி இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. பாட்டு விஷயம் மட்டும்தான் ஸ்டீபன்ராஜையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதையும் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். கிழித்துப் போடலாமென்று பார்த்தால், உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிக்கொண்டு போய் உள்ளே படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அந்த இடத்துக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது.