பானெட் திறந்தால் வருபவர்

பானெட் நிபுணர் என்றோர் இனம் சென்னையில் செழிப்பாக வளர்ந்து வருகிறது. மந்தைவெளியில் ஒரு பழைய காரின் முன்மூடியைத் திறந்து பாருங்கள், லஸ் முனையிலிருந்து ஒருவர் வந்து சேர்வார். கூப்பிட வேண்டியதில்லை. பால் வாங்கப் போனவராக இருக்கலாம், நாயை நடத்திக்கொண்டு வந்தவராக இருக்கலாம், கபாலீஸ்வரருக்கு அர்ச்சனைத் தட்டோடு கிளம்பியவராகவும் இருக்கலாம். போன காரியத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்து, துக்க வீட்டில் நிற்பவர்போல் மெல்லத் தலையை ஆட்டுவார். பிறகு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். ஸ்டார்ட் ஆகாததால்தானே ஐயா மூடியையே திறந்தோம்? அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. "ம்... நிறுத்துங்க. இன்னொரு வாட்டி." மூன்றாவது வாட்டி முடிந்ததும் வியாதியின் பெயரைச் சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து என்றைக்கும் வராத சொல் ஒன்றே ஒன்று: "தெரியலை."

ஹபீபுர் ரஹ்மானுக்கு வாய்த்த பானெட் நிபுணரின் பெயர் வைரவன்.

வைரவன் அதே குடியிருப்பில் முதல் மாடி. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவி, இது காஞ்சிபுரம், இது ஆரணி என்று பிரித்துச் சொல்லிவிடுவார். அந்தத் திறமை சத்தியமானது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதனுக்குத் தெரிந்த ஒன்று போதுமா? ஓய்வு பெற்ற மறுமாதம் ரிச்சி தெருவில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினார். வீடியோக்கள் பார்த்தார். அன்றிலிருந்து கீழே கார் நிறுத்துமிடத்தில் எந்த வண்டி இருமினாலும் மேலேயிருந்து அவர் செருப்புச் சத்தம் கேட்கும்.

ஹபீபுர் ரஹ்மான் தரைத்தளம். அண்ணா சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். அவர் மனைவி வஜீஹாவுக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்கு அடையாறில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் படுக்க வேண்டும். நான்கு மணி நேரம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவாள், வெளியே போனால் சக்கர நாற்காலிதான். அண்மையில் வாங்கிய அந்த நாற்காலி காரின் டிக்கியிலேயே இருக்கும். காருக்குப் பதினாறு வயது. வாரத்தில் அந்த மூன்று நாள் தவிர அது எங்கும் போவதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹபீபுர் ரஹ்மான் நாற்காலியை இறக்கி, வஜீஹாவை அதில் உட்கார வைத்துவிட்டு, முன்மூடியைத் திறந்தார்.

திறந்திருக்கக் கூடாது.

"பாய், பேட்டரி!" குரல் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார். லுங்கி, தோளில் துண்டு, கையில் மல்டிமீட்டர். இரண்டு கம்பிகளையும் பேட்டரியின் தலையில் வைத்து, "பத்து வோல்ட்! செத்துப் போச்சு பாய். இதுக்கு வயசாச்சு" என்றார். அன்றைக்கு ஆட்டோவில் போனார்கள். மாலை, வைரவன் மேற்பார்வையில் புது பேட்டரி ஏறியது. புதனும் வெள்ளியும் வண்டி ஓடியது. "பாத்தீங்களா?" என்று வைரவன் பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டார். பார்த்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வண்டி மறுபடி டக் என்றது.

வேறு மனிதராக இருந்தால் இங்கே கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார். இந்த இனத்துக்கு அந்த உறுப்பு கிடையாது. "நான் அன்னிக்கே நினைச்சேன், ஆல்டர்னேட்டர்" என்றார் வைரவன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அதைக் கழற்றிச் சரிபார்த்து மாட்டியாயிற்று. அது நன்றாகவே இருந்தது. அப்படியானால் எர்த்து. எர்த்து ஒயரைச் சுரண்டி, எலுமிச்சம்பழம் தேய்த்து, புது போல்ட் போட்டு முறுக்கினார். பிறகு ஹார்ன். பிறகு ரேடியோ, அதை அவரே பிடுங்கி எடுத்ததில் டேஷ்போர்டில் ஒரு சதுர ஓட்டை விழுந்தது, அதன் வழியாக வண்ண வண்ண ஒயர்கள் வெளியே தொங்கின. அதற்கும் பிறகு, "கடல் காத்து பாய், மெரினா எவ்ளோ கிட்ட இருக்கு? ஈரம் கரண்ட்டைக் குடிக்குது" என்றார். ஈரம் கரண்ட்டைக் குடிக்குமா என்று ஹபீபுர் ரஹ்மான் கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் காருக்கு ஒரு தார்ப்பாய் போர்த்தியிருந்தது.

"அடுத்த தெருவுல எலக்ட்ரீஷியன் கபாலின்னு ஒருத்தர் கடை வச்சிருக்காராமே சார், ஒரு தடவை காட்டலாமான்னு..." என்று ஒருநாள் இழுத்தார்.

"கபாலியா? ஆட்டோவுக்கு ஒயரிங் பண்றவன் பாய் அவன்! உங்க வண்டியைத் தொட்டான்னா நல்லா இருக்கற நாலு சாமானைக் கழட்டிட்டு நாலு டூப்ளிகேட்டை மாட்டிருவான். நான் எதுக்கு இருக்கேன்?"

எதற்கு இருக்கிறார் என்பது ஹபீபுர் ரஹ்மானுக்கும் புரியவில்லை. ஆனால் ஒரு மனிதர் ஒரு பைசா வாங்காமல், வேர்த்து விறுவிறுத்து, கையெல்லாம் கிரீஸோடு நிற்கும்போது, "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? இலவசமாக வரும் தொல்லையைத் தடுக்க நம்மிடம் மரியாதையான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

ஐந்தாவது வாரத்து வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி மறுபடி படுத்துக்கொண்டது. ஹபீபுர் ரஹ்மான் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போகத் திரும்பினார். வைரவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சே நிமிஷம் பாய். இன்னிக்கு நோயைக் கண்டுபிடிச்சே ஆகணும். இப்ப ஆட்டோல போயிட்டீங்கன்னா சிம்ப்டம் போயிடும்."

"மூணாவது மாடி கீர்த்தி கார் இருக்கே சார், கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டா..."

"ஐயையோ! அடுத்த வண்டி கரண்ட்டை உள்ள விட்டா உங்க வண்டி கம்ப்யூட்டர் எரிஞ்சு போயிடும். அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரம் நீண்டது. வஜீஹா நாற்காலியில் உட்கார்ந்து, டயாலிசிஸ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அடையாறு போய்ச் சேரும்போது ஏழே முக்கால். அடுத்த ஷிப்ட்டில் அதே மெஷினுக்கு இன்னொரு நோயாளி இருந்தார். "பத்தரைக்கு மெஷினை விட்டாகணும் பாய். மூணு மணி நேரம்கூட வராது. மிச்சத் தண்ணி உடம்புலயே நிக்கும். ரெண்டு நாள் தண்ணி குடிக்கறதைப் பாத்துக்குங்க" என்றாள் நர்ஸ்.

பார்த்துத்தான் கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்த கையோடு வஜீஹா எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க... படுத்தா மூச்சு வரலை." உதடு வெளுத்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்றாள். ஹபீபுர் ரஹ்மான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். காரிடம் ஓடினார். டக். கை பழக்க தோஷத்தில் முன்மூடியைத் திறந்துவிட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"விடுங்க பாய், இன்னிக்கு விடக் கூடாது. ராத்திரியே யோசிச்சேன், ஸ்டார்ட்டர் ரிலே. நீங்க உள்ள உக்காந்து சாவியைத் திருப்புங்க..."

வஜீஹா வாசல்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான்கடி தூரம். வைரவன் அவளைப் பார்க்கவே இல்லை. மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹபீபுர் ரஹ்மானுக்கு அறுபத்தெட்டு வயது. அந்தக் குரல் தனக்குள் இருந்தது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

"தள்ளுய்யா!"

குடியிருப்பு முழுவதும் கேட்டது. வைரவன் ஓரடி பின்வாங்கினார். மூன்றாவது மாடியிலிருந்து, வங்கியில் வேலை பார்க்கும் கீர்த்தி எட்டிப் பார்த்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, இரவு உடையோடு கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வஜீஹாவைப் பின்சீட்டில் சாய்த்து, ஞாயிற்றுக்கிழமையின் காலிச் சாலையில் பதினோரு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். உடனே மெஷினில் போட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு வஜீஹா கண்ணைத் திறந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஹபீபுர் ரஹ்மான் வெளியே வராந்தாவுக்குப் போய், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து அழுதுவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை வஜீஹா வீடு திரும்பினாள். ஹபீபுர் ரஹ்மான் யாரையும் கேட்காமல் நேரே கபாலியின் கடைக்குப் போனார்.

கபாலி வந்து முன்மூடியைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வஜீஹாவைப் பார்த்துக் கேட்டான்: "எப்ப எப்ப டவுன் ஆவுதும்மா? டெய்லியா, வுட்டு வுட்டா?"

ஐந்து வாரமாக யாரும் கேட்காத கேள்வி. வஜீஹா எடை, ரத்த அழுத்தம் எல்லாம் எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டினாள். ஓரத்தில் அதையும் குறித்திருந்தாள். "பெரும்பாலும் திங்கக்கிழமை. ரெண்டு நாள் சேர்ந்தாப்பல நின்னா கண்டிப்பா ஆவுது. சர்வீசுக்கு விட்டிருந்தப்போ நாலு நாள் நின்னுச்சு, ஒண்ணும் ஆவலை."

"சர்வீசுக்கு வுட்டப்போ டிக்கில சேர் இருந்துச்சா?"

"இல்லை. அதை வீட்ல எடுத்து வச்சிட்டோம்."

கபாலி 'ம்' என்றான். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, ஒயருக்கு நடுவில் மீட்டரைச் சேர்த்துவிட்டு, குத்துக்கல்போல் உட்கார்ந்தான். "சும்மா குந்து பாய். வண்டி தூங்கட்டும்." அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டரில் கரண்ட் கசிவே இல்லை. ஹபீபுர் ரஹ்மான் அவன் முகத்தைப் பார்த்தார். கபாலி சிரித்தான். "இப்ப சேர் வெளில கீது பாய். நைட்டு எப்டி நிக்குமோ அப்டி வை."

நாற்காலியை மடித்து டிக்கிக்குள் வைத்து மூடியை அழுத்தினார். மீண்டும் காத்திருந்தார்கள். இந்த முறை மீட்டரின் எண் இறங்கவே இல்லை, எதுவோ கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருந்தது.

கபாலி தன் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினான். ஒரு நிமிஷம் கழித்து எடுத்துக் காட்டினான். மூடிய டிக்கிக்குள், நாற்காலியின் கைப்பிடி, ஸ்டெப்னி, ஒரு பழைய குடை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கட்டைவிரல் நகமளவு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியின் கைப்பிடி இடித்ததில் மூடி முழுதாக இறங்கவில்லை. பாதியில் மாட்டி நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் மூடினாற்போலத்தான் இருக்கும். விளக்குக்கு மட்டும் அது திறந்த டிக்கி. டயாலிசிஸ் நாள் காலையில் வைரவன் வரும்போதெல்லாம் நாற்காலி வெளியே இறங்கி, அதன்மேல் வஜீஹா உட்கார்ந்திருந்தாள். நோயாளியை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அவருக்கும் நோய் தெரிந்திருக்கலாம். பல்பைக் கழற்றி ஹபீபுர் ரஹ்மான் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கபாலி டீ குடிக்கப் போய்விட்டான்.

வைரவன் என்ன செய்தார்? மாலையே கீழே வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்? ஒரு வருத்தம்? "அம்மா எப்படி இருக்காங்க" என்று ஒரு வார்த்தை? எதிர்பார்த்தால் உங்களுக்கு இந்த இனத்தை இன்னும் தெரியவில்லை.

"அதான் பாய்! லைட் லோடுன்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேன்ல?"

அன்றிரவே குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில், பழைய கார் வைத்திருப்பவர்கள் டிக்கி விளக்கைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு நீண்ட செய்தி வந்தது. கீழே 'அனுபவத்தில்' என்று போட்டு வைரவன். பதினேழு பேர் கைகூப்பினார்கள்.

அடுத்த மாதம் டயாலிசிஸ் நிலையத்தில் பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் கணவர், தன் கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று புலம்பினார். "டிக்கி லைட்டா இருக்கும் சார், நூத்துக்கு நூறு" என்றார் ஹபீபுர் ரஹ்மான், கைகள் தாமாகப் பின்னால் கட்டிக்கொள்ள. கையில் ஊசியோடு படுத்திருந்த வஜீஹா மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். அவர் கையை முன்னால் கொண்டுவந்து, "எப்பெப்ப ஆவுது சார்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் வஜீஹா இருந்தாள். எல்லோருக்கும் இருப்பாளா?

உங்களைத்தான் கேட்கிறேன். புது பேட்டரியும் இறங்கிப் போனது என்று படித்த இடத்தில், ஒரு விநாடி நிறுத்தி, இது இன்னதுதான் என்று மனசுக்குள் ஒரு வியாதியின் பெயரைச் சொன்னீர்களா இல்லையா? பல்பு என்று தெரிந்ததும், நினைத்தேன் என்று தலையாட்டினீர்களா இல்லையா? அந்த அம்மாளுக்கு மூச்சு முட்டிய பத்தியை, கார் என்ன ஆயிற்று என்று அறியும் அவசரத்தில் கொஞ்சம் வேகமாகக் கடந்தீர்களா? சேச்சே, என்னிடம் காரே இல்லையே என்கிறீர்களா?

வைரவனிடமும் கார் கிடையாது.